ஆயிரத்தில் எழுந்து போன பேர்

ஒரே ஒரு ஊரிலே, 'உம்' கொட்டிக்கொண்டு கேட்கிறவர்களுக்கு மட்டும் வழி தெரிகிற ஊரிலே, ராஜா இல்லை, ராணி இல்லை, மந்திரி என்று ஒருத்தர் இருந்தார், அவரும் வாய்க்கால் பாலத்தைத் திறந்துவைக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. ஆனால் ஒரு அம்மன் இருந்தாள், அந்த அம்மனுக்கு ஆயிரம் பேர் இருந்தது.

ஊர் கொழுமடை. ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால் ஊருக்குள் நுழைகிற மடையின் மேலேயே கோயில் என்பதால் அவள் மடைமேல் அம்மன். அவளுடைய ஆயிரம் பேரையும் பெரிய புலவர் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஊரில் வாழ்ந்து முடித்தவர்கள் அவரவர் அவளை எந்தக் கோலத்தில் பார்த்தார்களோ அந்தக் கோலத்துக்கு ஒரு பேர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாற்று வாடாமல் பார்ப்பவளே போற்றி, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதவளே போற்றி, கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவளே போற்றி, கோபம் எதற்கென்று மறந்து போகிறவளே போற்றி என்று அது பாட்டுக்கு ஆயிரம் வரைக்கும் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் மண்டபத்தில் கூடி அதைப் பாராயணம் பண்ணுவார்கள். ஒருத்தி பேரை முன்னால் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து 'போற்றி' என்பார்கள். முன்னால் சொல்கிறவள் பிரம்மநாயகி, தெருவுக்கெல்லாம் பிரமு மதினி. வீட்டுக்காரர் போன பிறகு அரிசி மில்லையும் ஒரே மகளையும் ஒற்றை ஆளாக நடத்தினவள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். பந்தியில் அவள் கை கழுவிவிட்டு வரும்போது பக்கத்து இலைக்காரி அப்போதுதான் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருப்பாள். பாராயணமும் அப்படித்தான். பக்கத்து ஊர்களில் பாராயணம் முடிந்து பெண்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் சீரியலில் மாமியார் செத்துக் காரியமும் முடிந்திருக்கும். கொழுமடையில் மட்டும் முதல் விளம்பரத்துக்கு முன்னால் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

"கொஞ்சம் பையச் சொல்லுங்க மதினி, மூச்சு முட்டுது" என்று யாராவது சொன்னால், "அம்மனுக்கும் வேற வேலை இருக்கும்லா?" என்பாள் பிரமு.

இந்த வேகத்தில் ஒரு இடத்தில் ஒரு பேர் அடிபட்டுக்கொண்டே இருந்தது. அறுநூறுகளில், தண்ணீரைப் பற்றிய பேர்களெல்லாம் வரிசையாக வந்து முடிகிற இடத்தில் பிரமுவுக்கு மூச்சு முடிந்துவிடும். அங்கே இருந்த பேரின் மேலேயே உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு, அடுத்த பேருக்குத் தாவிவிடுவாள். கேட்கிறவர்களுக்கு அந்தப் பேர் ஒரு 'ஹப்' என்றுதான் கேட்கும். அதற்கும் எல்லாரும் 'போற்றி' சொல்லிவிடுவார்கள். வருஷக்கணக்காக அம்மனுடைய ஆயிரம் பேரில் ஒன்று 'ஹப்' என்றே இருந்து வந்தது.

அது பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. பிரமுவின் மகள் புஷ்பகலா நிறைமாதமாக, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து, மண்டபத்துத் தூணில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை, மகளுக்கு வலி எடுப்பதற்கு முன்னால் ஆயிரம் பேரும் குறைவில்லாமல் சொல்லி, முடிந்த கையோடு கற்பூரம் ஏற்றி மகளுக்குக் காட்டுகிறேன் என்று பிரமு நேர்ந்திருந்தாள். கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டுதான் உட்கார்ந்தாள்.

தண்ணீர்ப் பேர்கள் முடிந்தன. மூச்சு இழுக்கிற இடம் வந்தது. இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்ததுபோல பிரமுவின் நாக்கு வெறுமையில் இறங்கித் தடுமாறியது. அதே நேரம், உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து, ஈரக் கரும்பச்சைச் சேலை உடுத்தின ஒரு பொம்பிளை எழுந்து, மடிப்பை உதறிவிட்டு, "செத்த வழி விடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு, கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள்.

"எந்த வீட்டு ஆளு அது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உங்க கூட வந்தான்னுல்லா நினைச்சேன்."

பிரமு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். பூசாரி மந்திரமூர்த்தி தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். குச்சி எரிந்தது, அவர் விரலும் சுட்டது, கற்பூரம் மட்டும் கூழாங்கல் மாதிரி அப்படியே இருந்தது. இன்னொரு குச்சி, இன்னொரு கற்பூரம், அப்புறம் புதுப் பாக்கெட். ஒன்றும் பிடிக்கவில்லை.

"ஆயிரம் நிறையல மதினி" என்றார் மந்திரமூர்த்தி, விரலை வாயில் வைத்துக்கொண்டு. "ஒண்ணு எந்திரிச்சுப் போயிட்டு."

எல்லாரும் கையிலிருந்த பாராயணப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாருடைய புத்தகத்திலும் அந்த இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல வெள்ளையாக இருந்தது. என்ன பேர் இருந்தது என்று ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. வருஷக்கணக்காக 'ஹப்' என்று கேட்டவர்களுக்கு எப்படி வரும்?

மறுநாள் காலையில் அந்தக் கரும்பச்சைச் சேலைக்காரி பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டிருக்கிற உலகம்மாள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தது. எங்கே போகணும், யாரைப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டு, "ஒம் பேரு என்னம்மா?" என்றாள். அவளும் சொன்னாள். உதடு அசைந்தது உலகம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தது, காதில்தான் ஒன்றும் விழவில்லை. அந்தக் கணத்தில் டீ ஆற்றுகிற சத்தமும் காக்காய்ச் சத்தமும் சேர்ந்து நின்று, மறுபடி தொடங்கின. உலகம்மாள் டம்ளரை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பிறகு, கும்பிட்டால் மட்டும் போதாது என்று ஒரு டீயும் கொடுத்தாள். சர்க்கரை போடாதே என்று அந்தப் பேர் சொன்னது.

இப்படியாக அம்மனுடைய பேர்களில் ஒன்று பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது. ஊர் அதற்காக ஒன்றும் மலைத்துப் போகவில்லை. போன மாசம் வாய்க்காலில் முதலை வந்ததாகச் சொன்னபோது கூடின கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. வந்தவர்களும் பஸ்ஸுக்கு வந்தவர்கள்தான். அவர்கள்தான் முதலில் ஒன்றைக் கவனித்தார்கள்.

அம்பைக்குப் போகிற பஸ் அன்றைக்கும் வழக்கம்போலத் தாமதம். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தாமதமாகவே படவில்லை. அவள் கதை சொல்லவில்லை, விசிறவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. பஸ் வரும் திசையை அவ்வப்போது பார்த்துக்கொண்டு சும்மா கூட இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இருப்பில் ஏதோ ஒன்று, வெயிலில் நிற்கும் மாட்டின் மேல் நிழல் மெல்ல நகர்ந்து வந்து படிவதுபோல வந்து படிந்தது. கடைசியில் பஸ் வந்தபோது யாரும் டிரைவரைத் திட்டவில்லை. திட்டு வாங்கியே பழகின டிரைவர், "என்னடே, யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கண்டக்டரிடம் கவலையோடு கேட்டாராம்.

"அவ பேரு என்னன்னு தெரியல" என்றாள் உலகம்மாள், "ஆனா அர்த்தம் தெரிஞ்சு போச்சு. வாறது வாற வரைக்கும் கூட இருக்கவ. காத்திருக்கவ."

அர்த்தம் தெரிந்ததும் பெண்கள் அதே அர்த்தத்தில் வேறு வேறு சொற்களைச் செய்து அந்த வெள்ளை இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை, சொல்லி முடிப்பதற்குள் உதிர்ந்தன. மேலத்தெருப் பெருமாள் கோயில் பஜனைக் கோஷ்டிக்காரர்கள் ஜால்ராவோடு வந்து, "எங்க பெருமாளுக்கு ஆயிரத்துக்கும் மேலேயே இருக்கு, ஒண்ணு தாரோம், உங்க ஆளு வந்ததும் திருப்பிக் குடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அதையும் வைத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொண்ட மாதிரி எல்லாருக்கும் வாய் கோணியதுதான் மிச்சம்.

ஊர் அவளைத் தன் வேலைகளுக்குள் சேர்த்துக்கொண்டது. ரேஷன் கடை வரிசைக்கு முதலில் கூப்பிட்டார்கள், பிறகு கேஸ் சிலிண்டர் வருகிற நாளுக்கு, பிறகு மின்சாரம் போன மத்தியானங்களுக்கு. மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பதில் சொல்லுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில், போனையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் நடுவில் அவள் வந்து உட்கார்ந்தாள். பதில் 'வேண்டாம்' என்றுதான் வந்தது, இருந்தாலும் அதற்குள் அந்தப் பெண் ஒரு சுளகு நிறைய மொச்சை உரித்து முடித்திருந்தாள், அப்பாவும் மகளும் நெடுநாளைக்குப் பிறகு எதற்கோ சிரித்திருந்தார்கள். பரீட்சை ரிசல்ட்டுக்கு, பிரிந்துபோன தம்பி கல்யாணத்துக்கு வருவானா மாட்டானா என்கிற வாசலுக்கு, மாவு புளிப்பதற்கு, சாகக் கிடந்த முத்தையாச் செட்டியாரின் கட்டிலுக்கு என்று எல்லா இடத்துக்கும் அவள் போனாள். ஒரு சர்க்கரை போடாத டீ குடித்துவிட்டு, வருகிறது வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்து, வந்ததும் எழுந்து போனாள்.

ஊரில் ஒருத்திக்கு மட்டும் அவள் திரும்பிப் போயாக வேண்டும்.

பிரமு எல்லா விதத்திலும் முயன்று பார்த்தாள். மைக் வைத்துச் சத்தமாகச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் மைக்கும் சேர்ந்து ஊமையானது. உதடு மட்டும் அசைகிற மாதிரி முணுமுணுத்தாள்; உதடு அங்கே வந்ததும் மரத்துப் போனது. எழுதிப் பார்த்தாள், பேனா அந்த இடத்தைக் கல்லைத் தாண்டும் ஆடு மாதிரித் தாண்டி அடுத்ததை எழுதியது. கண்ணை மூடி மனசுக்குள்ளேயே சொன்னாள். விழுந்த பல்லின் பள்ளத்தை நாக்கு தேடிப் போவதுபோல மனசு போய்ப் போய்த் தடவியது, பள்ளம்தான் இருந்தது. செல்போனில் பதிந்து வைத்திருந்த பழைய பாராயணத்தைப் போட்டால், அதிலே அவளுடைய 'ஹப்' மட்டும் கேட்டது. அதைக் கேட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மில்லைப் பூட்டிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"இங்க பாரும்மா, ஒன் இடத்துக்கு வா."

"நான் எங்கயும் போகலையே பிரமு. உக்காந்துதான இருக்கேன்."

"இங்க இல்ல. அங்க. தண்ணிப் பேருக்கெல்லாம் அடுத்தாப்ல."

"அங்க உக்கார எடமில்ல பாத்துக்க. நீ வாற வேகத்துக்கு என் சேலை சிக்கிரும்."

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரமு சிரிக்கவில்லை.

"எம் மகளுக்கு இது மூணாவது. தெரியும்லா?"

"தெரியும்" என்றாள் அவள். முதல் தடவையாக அவள் முகம் பஸ் வரும் திசையை விட்டுவிட்டுப் பிரமுவின் பக்கம் திரும்பியது. "ரெண்டு தடவையும் நான் அவ பக்கத்துலதான் இருந்தேன்."

பிரமு முந்தானையை இழுத்துச் செருகினாள். திரும்பி நடக்கப் போனவளை உலகம்மாள் பிடித்து நிறுத்தி, ஒரு டீயைக் கையில் திணித்தாள்.

"மதினி, தப்பா நினைக்காதிய. ஆயிரத்துல ஒண்ணு கொறஞ்சா அம்மனுக்கு என்ன வந்துரப் போவுது? இங்க நமக்கு ஒண்ணு கூடியிருக்குல்லா."

"ஒனக்குக் கூடியிருக்கு உலகு" என்றாள் பிரமு. "என் வீட்டுல ஒண்ணு கொறஞ்சிரக் கூடாதேன்னு நான் ஓடுதேன்." டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு ஓடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பையச் சொன்னாள். ஊரே பார்க்க வந்தது. ஒவ்வொரு பேருக்கும் நடுவில் ஒரு கவளம் சோறு சாப்பிடலாம், அப்படிச் சொன்னாள். ஆனால் கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது, கண் மண்டபத்துக் கடிகாரத்திலேயே இருந்தது. அந்த இடம் வந்தது. வெள்ளையாகவே இருந்தது. கற்பூரமும் கல்லாகவே இருந்தது. சீரியல் தப்பிப்போன பெண்கள் எழுந்து போனார்கள்.

"நல்லா பையத்தான சொன்னேன்?" என்று அவள் மந்திரமூர்த்தியைக் கேட்டாள்.

"பையத்தான் ஓடுனிய" என்றார் அவர்.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தபோதே, காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த புஷ்பகலா, "எம்மா" என்றாள். அந்தக் குரலுக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆயிரம் நிறையவில்லை, கற்பூரம் ஏறவில்லை, வலி வந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஊர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், மகளை உள்ளே அனுப்பிக் கதவு சாத்தின பிறகுதான் பிரமு தன் முந்தானையைப் பார்த்தாள். மறுபடி முடிந்து வைத்திருந்த கற்பூரம் அப்படியே இருந்தது. அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் கையை இறுக மூடிக்கொண்டாள்.

வராந்தாவில் நீளமான மரப்பெஞ்சு. அதில் உள்ளே இருக்கிறவர்களுக்காக வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் கடைசியில் கரும்பச்சைச் சேலையும் உட்கார்ந்திருந்தது. யார் கூப்பிட்டார்களோ, தானாகவே வந்ததோ.

பிரமு அவளைப் பார்க்காத மாதிரி இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாக ஆரம்பித்தாள். வலிக்கு முன்னால் என்றுதான் நேர்ச்சை. ஆனால் பிள்ளைக்கு முன்னாலாவது முடித்துவிட்டால் அம்மன் கண்டும் காணாமல் விட்டுவிடுவாள் என்று ஒரு கணக்கு. ரெண்டு பேரைச் சொல்வதற்குள் பெஞ்சு முழுக்கப் 'போற்றி' போட ஆரம்பித்துவிட்டது. பேறுகால வார்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதற்கு வேண்டுமானாலும் போற்றி சொல்வார்கள். கதவு திறந்து சிஸ்டர் ஸ்டெல்லா தலையை நீட்டினார்.

"இது என்ன, மடைமேல் அம்மன் கோயிலா? உள்ள டாக்டர் சொல்லுறது எனக்குக் கேக்க வேண்டாமா?"

பிரமு முணுமுணுப்புக்கு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன வயது ஆள், தலைச்சன் பிள்ளைக்காரன், கையைப் பிசைந்துகொண்டு, "எம்மா, நீங்க உதட்ட அசைக்கதப் பாத்தா எனக்கும் பயம் தொத்துது. சத்தமாவே சொல்லிருங்க, இல்லன்னா விட்டுருங்க" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் போனாள். மனசுக்குள் வேகத்தடை கிடையாது, மூச்சும் தேவையில்லை. பேர்கள் ஜன்னலோர மரங்கள் மாதிரிப் பின்னால் ஓடின. தண்ணீர்ப் பேர்கள் முடிந்து பள்ளம் வந்தது. ஒரே தாவலாகத் தாவினாள். தாவி இறங்கினால் முதல் பேரில் நின்றாள். மறுபடி ஓடினாள், மறுபடி தாவினாள், மறுபடி முதல் பேர். உள்ளே மகள் அலறும் சத்தம் கேட்டது. மறுபடி ஓடினாள். மறுபடி முதல் பேர். தலைச்சன் பிள்ளைக்காரனை உள்ளே கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். பெஞ்சு காலியாகக் காலியாக, நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்ததில், பிரமு தனக்கே தெரியாமல் கரும்பச்சைச் சேலையின் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தாள்.

சிஸ்டர் வெளியே வந்தபோது முகம் முன்போல் இல்லை. "கொடி சுத்தியிருக்கு. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க இங்ஙனயே இருங்கம்மா" என்றுவிட்டுப் போனார்.

பிரமு மூடியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் திரும்பாமலே சொன்னாள்.

"ஒன் பேரு எனக்கு வரமாட்டேங்கு தாயே."

"வராதுல்லா."

"நான் பின்ன என்னதான் செய்ய?"

"என்ன செய்ய முடியும்னு நினைக்க?"

"ஒண்ணும் முடியாது போலுக்கு."

"எந்திரிச்சு எங்கயாவது போணுமா ஒனக்கு?"

பிரமு யோசித்தாள். மில் இருந்தது. கோயில் இருந்தது, மந்திரமூர்த்தி இருந்தார், மருமகனுக்கு இன்னும் போன் பண்ணவில்லை. "இல்ல" என்றாள். "நான் எங்கயும் போகல."

"அப்ப இரு."

பிரமு அந்தப் பள்ளத்தை இந்தத் தடவை தாவவில்லை. தண்ணீர்ப் பேர்களெல்லாம் முடிகிற கரையில் வந்து நின்றவள், அடுத்த பேரைப் பார்க்காமல் மெல்ல உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். உள்ளே இருளோ ஒளியோ இல்லை, வராந்தாதான் இருந்தது. பினாயில் வாசனை இருந்தது, சுவரில் அரைத்தூக்கத்தில் ஒரு பல்லி இருந்தது, தரையில் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய பன் துணுக்கை இழுத்துக்கொண்டு, விட்டுவிட்டு, மறுபடி வந்து இழுத்துக்கொண்டு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், எதையும் இவ்வளவு நேரம் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்று பார்த்தாள், வீட்டுக்காரர் கடைசியாகக் கிடந்த நாளில், மோட்டாரை அணைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மில்லுக்கு ஓடினவள் திரும்பி வருவதற்குள் அவர் போயிருந்ததைப் பார்த்தாள், அவர் தலைமாட்டில் அன்றைக்குக் கரும்பச்சைச் சேலையில் ஒருத்தி இருந்தாளோ என்று நினைத்தாள், இருந்திருப்பாள் என்று நினைத்தாள், அப்படி இருந்திருந்தால் சரி என்று நினைத்தாள். உள்ளே கதவுக்கு அப்பால் மகளுடைய குரல் ஏறியது, இறங்கியது, ஏறியது, அதன் கூடவே பிரமுவின் மூச்சும் ஏறியது, இறங்கியது, அவள் எதையும் சொல்லவில்லை, எதையும் நேரவில்லை, கால் பெருவிரல் தரையில் அசையாமல் கிடந்தது. வெயில் வராந்தாவின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு வந்து, அதையும் விட்டு நகர்ந்தது.

அழுகைச் சத்தம் கேட்டது. சின்னதாக, கோபமாக, எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்பதுபோல.

சிஸ்டர் ஸ்டெல்லா துணிச்சுருளோடு வந்தார். "பொம்பளப் புள்ள. அம்மாவும் நல்லா இருக்கா. எங்கள ஆட்டி வச்சிட்டுல்லா வந்திருக்கா." பிறகு பிரமுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னும் சொல்லி முடிக்கலையா? முடிச்சிட்டு வேணா வாங்க, நான் வச்சிருக்கேன்" என்றார்.

முந்நூறுக்குக் குறையாமல் மிச்சம் இருந்தது. எடுத்த எதையும் பாதியில் விட்டு எழுந்திராத பிரம்மநாயகி எழுந்தாள்.

"அது எங்கயும் போவாது சிஸ்டர்" என்றாள். "புள்ளையக் குடுங்க."

கையை நீட்டியபோதுதான் இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் திறந்தன. உள்ளங்கையில் கற்பூரம் இல்லை. சூட்டில் இருந்து இருந்து அது தானாகவே கரைந்து போயிருந்தது. தீக்குச்சி இல்லை, தட்டு இல்லை, மணி இல்லை. வராந்தா முழுக்க வாசனை மட்டும் நின்றது. பிள்ளை அந்தக் கையில் வந்து கிடந்து, மூக்கைச் சுருக்கித் தும்மியது. பிரமு அவளைப் தீட்டுக் கழிக்கிற பதினாறாம் நாள் நீராட்டு வரைக்கும் காத்திராமல் அங்கேயே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, மகளைப் பார்க்க உள்ளே போனாள், ஓடவில்லை.

மிச்சப் பேர்களை அவள் பிறகு பேத்திக்குச் சொன்னாள். குளிப்பாட்டும்போது ஒன்று, எண்ணெய் தேய்க்கும்போது ஒன்று, ஏப்பம் வருகிறதா என்று தோளில் போட்டுத் தட்டும்போது ஒன்று. சிலநாள் ஒன்றுமே இல்லை. பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகி அம்மன் சன்னதியில் சோறு ஊட்டின அன்றைக்குத்தான் ஆயிரம் முடிந்தது. மண்டபத்துப் பாராயணத்தில் அந்த இடம் இன்றைக்கும் வெள்ளைதான். அங்கே வந்ததும் பிரமு நிறுத்திவிடுவாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வளையல் சத்தம் அடங்கி, இருமல் அடங்கி, வாய்க்கால் தண்ணீர் மடையில் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கிறவரைக்கும் இருப்பார்கள். எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கிடையாது, சிலநாள் சீரியலே முடிந்துவிடுகிறது. பிறகு 'போற்றி' என்பார்கள். கற்பூரம் பிடித்துக்கொள்கிறது.

ஆசுபத்திரியில் அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவைக் கூட்டவந்த பிச்சம்மாள், பெஞ்சில் ஒரே ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"காலைத் தூக்கும்மா, கூட்டணும். உள்ள ஒனக்கு யாரு?"

"எனக்கு யாரும் இல்ல. இங்க இருந்தவுகளுக்காக இருந்தேன். எல்லாரையும் கூப்பிட்டாச்சா?"

பிச்சம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் குனிந்து நின்றிருந்தார்கள். "கூப்பிட்டாச்சு. வெளிய ஒருத்தரும் பாக்கி இல்ல."

"அப்ப நான் வாரேன்."

அவள் எழுந்து மடிப்பை உதறிவிட்டு, கூட்டிவைத்த குப்பையை மிதிக்காமல் ஓரமாக, படியிறங்கி நடந்து போனாள்.